பெருவிரலுக்குக் கீழே இருந்த அட்டை

சிவகாசியில் அச்சாபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் சாமிகளுக்குள் வித்தியாசம் பார்க்க முடியாது. காலையில் முருகன் ஓடிய மிஷினில் மத்தியானம் எங்கள் நல்ல மேய்ப்பர் ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். சாயங்காலம் பள்ளிவாசல் படம் போட்ட காலண்டர். கட்டிங் மிஷினுக்கு எல்லாரும் ஒன்றுதான், ஓரம் பிசிறில்லாமல் இருந்தால் சரி. வெட்டி வருகிறதை அடுக்கி, பிசகு பார்த்து, நூறு நூறாகக் கட்டுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

தீபாவளி முடிந்த கையோடு எங்களுக்கு வாக்குத்தத்த அட்டை சீசன் ஆரம்பித்துவிடும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வருஷப் பிறப்பன்று கிறிஸ்தவர்கள் ஆலயத்தில் ஆளுக்கு ஓர் அட்டை எடுப்போம். அதில் வேதத்திலிருந்து ஒரு வசனம் இருக்கும். பார்க்காமல் எடுக்க வேண்டும். கைக்கு எது வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று கொடுத்த வாக்கு. சிலர் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவார்கள். சிலர் பர்சில் வைத்து நைந்துபோகும்வரை சுமப்பார்கள். ஊர் ஊராகச் சபைகளின் ஆர்டர் வந்து எங்கள் ஆபீசில் மலைபோலக் குவியும்.

எத்தனையோ லட்சம் அட்டைகள் என் கை வழியாகப் போயிருக்கும். அத்தனையும் தேன். ஆசீர்வதிப்பேன், உயர்த்துவேன், கைவிடமாட்டேன். உன் சிலுவையை எடுத்துக்கொண்டு பின்னால் வா என்று ஓர் அட்டையைக்கூட நான் கட்டியதில்லை. ஆர்டர் கொடுக்கிற சபைகள் பொறுக்கிக் கொடுப்பது அப்படி. நல்ல நாளும் அதுவுமாகச் சிலுவை யாருக்கு வேண்டும் என்று நானும் சிரித்துக்கொள்வேன்.

எங்கள் சபைக்கான அட்டைகளை முதலாளி மிச்ச அட்டையில் இலவசமாக ஓட்டிக் கொடுப்பார். நல்ல மனுஷர். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வருஷம் தவறாமல் போகிறவர், ஆனால் எங்கள் கட்டைத் தனியாக வைத்து, "சாமி காரியம், கால்ல படாம வைங்க" என்று பையன்களிடம் சொல்வார். அந்த அட்டைகளை ஆலயத்துக்கு எடுத்துப்போய்ச் சேர்ப்பதும், வருஷப் பிறப்புக் காலையில் தட்டில் ஏந்தி நிற்பதும் பன்னிரண்டு வருஷம் என் பொறுப்பாக இருந்தது.

அதற்கு ஒரு முறை உண்டு. எங்கள் ஐயர் — போதகரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம் — அவரும் சபைச் செயலரும் நானும் ஆளுக்கொரு தடவை கண்ணை மூடி அட்டைகளைக் கலைத்துப்போட வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் கட்டி, ஒரு வாரம் பலிபீடத்தின்மேல் ஜெபத்தில் வைக்க வேண்டும். தட்டைப் பிடிக்கிறவள் அன்று உபவாசம். தட்டின்மேல் துணி மூடியிருக்கும், எடுக்கிறவர்கள் துணிக்கு உள்ளே கை விட்டு எடுப்பார்கள். பிடித்திருக்கிற நானும் பார்க்கக் கூடாது. சீட்டைப் போடுகிறது மனுஷர், முடிவு ஆண்டவருடையது என்று ஐயர் ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். பரிசுத்தமான கை வேண்டும் என்றுதான் என்னிடம் தட்டைக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமை. வெளியில் காட்டிக்கொள்ளாத பெருமை, அதனால் இன்னும் கெட்டது.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ஒரே அண்ணனின் மனைவி. எம். புதுப்பட்டிக்காரி. அண்ணன் லோடு ஏற்றப் போன பட்டாசுக் கம்பெனியில் அவளும் வேலை பார்த்தாள், அங்கேதான் இரண்டு பேருக்கும் பழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தாள். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். வேத வசனம் எங்களுக்கு வீட்டுச் சுவர் மாதிரி, இருப்பதே கண்ணில் படாது. மதினிக்கு அப்படியில்லை. ஒரு வசனத்தை வாசித்தால், வாசித்த அன்றைக்கே அதைச் செய்து முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காணிக்கை எடுக்கிற நேரம். அன்று வாசிக்கப்பட்ட பாகம், காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்பது. மதினி கையிலிருந்த கவரைப் பெஞ்சின்மேல் வைத்தாள். எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். வயிற்றுக்கு ஏதோ என்று நான் பின்னால் ஓடினேன்.

"எங்க மதினி போறீக?"

"அச்சங்குளத்துக்கு. எங்க அக்காகிட்ட நான் பேசி மூணு வருசமாச்சு தாயி."

"ஆராதனை முடியட்டும், சாயங்காலம் போங்களேன்!"

"மொதல்ல போன்னுதான போட்டிருக்கு?"

சாத்தூர் பஸ்ஸைப் பிடித்துப் போய், அக்காவின் காலில் விழுந்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ஜெபத்துக்குத் திரும்பி வந்து அந்தக் கவரைப் பெட்டியில் போட்டாள். சபையில் எல்லாரும் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவள் நான். "எங்க மதினி வசனத்துக்கு பஸ் டிக்கெட் எடுக்கிற ஆளு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன்.

அந்தக் கார்த்திகையில் மதினிக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நான்தான் மதுரைக்குக் கூட்டிப்போனேன். டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா பயப்படும்படி எதுவும் சொல்லவில்லை. புற்றுதான், ஆனால் ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வீர்கள் என்றார். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். மதினி சரி என்று தலையாட்டினாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது விருதுநகர் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கத்தின்னா எனக்கு ஈரக்குலையே நடுங்குது தாயி. அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் தெகிரியமாப் போயிருவேன்."

அந்த ஒரு வார்த்தையை நான் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நடந்தது அவ்வளவுதான். கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் எனக்கே ஒரு பயம் வந்து கை நின்றிருக்குமோ என்னவோ. நல்ல எண்ணம் என்பதால் எதையும் யோசிக்கவில்லை.

ஆபீசில் எங்கள் சபைக் கட்டை அடுக்கும்போது ஓர் அட்டையை உருவித் தனியாக எடுத்து வைத்தேன். உனக்கு ஆரோக்கியம் தருவேன், உன் காயங்களை நானே ஆற்றுவேன் என்று ஆண்டவர் சொல்கிற வசனம். நீல வண்ணத்தில், ஓரத்தில் ஒரு கோதுமைக் கதிர் போட்டிருந்தது. அதை என் சேலைத் தலைப்பில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வருஷப் பிறப்புக் காலையில் திருவிருந்து முடிந்து வரிசை நகர்ந்தது. தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த என் வலது பெருவிரலுக்குக் கீழே, துணிக்கு உள்ளே, அந்த அட்டை இருந்தது. மதினிக்கு முன்னால் நூறு பேராவது எடுத்துப் போயிருப்பார்கள். அதுவரை அமுக்கிப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துவிட்டது. மதினியின் கை உள்ளே வந்ததும் அட்டையை அவள் விரல்மேல் தள்ளினேன். அவள் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு அடி தள்ளி நின்று வாசித்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், அதனால் நேரம் பிடித்தது. அப்புறம் அங்கேயே முழங்கால் போட்டுவிட்டாள். வரிசை நின்றது. ஐயர் பதறி ஓடிவந்தார். அவள் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அதை வாங்கி வாசித்த ஐயருக்கும் கண் கலங்கியது. சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் சொன்னேன். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போய் உபவாசம் முடித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். ஐம்பதை எட்டப்போகிற என்னை அவன் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

"பாப்பா, அவ ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குறா."

எனக்கு முதலில் புரியவில்லை. தைரியமாகப் போவதற்குத்தானே அந்த அட்டை?

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதினி தரையில் உட்கார்ந்து மத்தாப்பு டப்பா ஒட்டிக்கொண்டிருந்தாள். அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பசை தடவி ஒட்டியிருந்தாள். டப்பாவுக்கு வைத்திருந்த அதே பசை. மூஞ்சியில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு.

"நானே ஆத்துவேன்னு சொல்லிட்டாரு தாயி. அதுக்குப் பெறகும் நான் கத்திக்குப் போனா என்ன அர்த்தம்? அவரு சொன்னதை நம்பலேன்னு ஆயிரும்லா?"

"மதினி, டாக்டர் மூலமா ஆத்துவாரு. அதுவும் அவரு செய்றதுதான்."

"அப்படின்னா டாக்டர்கிட்டப் போன்னு போட்டிருக்கும். நானேன்னு போட்டிருக்கு." கையிலிருந்த டப்பாவை அழுத்தி ஒட்டியபடி சிரித்தாள். "நீங்கள்லாம் பொறந்ததுலருந்து கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவுக. எனக்கு அவரு சொன்னா சொன்னதுதான்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அது ஆண்டவர் கொடுத்தது இல்லை மதினி, நான் தள்ளியது என்று. வாய் வரை வந்தது. ஆனால் அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஆபரேஷனுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் பேசித் திருப்பிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்து வந்தேன்.

அந்த ஞாயிறு மதினி சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். கட்டியைப் பற்றி, பயத்தைப் பற்றி, அட்டையைப் பற்றி. உபவாச ஜெபத்து அக்கா ஒருத்தி, வேதத்தில் ஒரு ராஜா ஆண்டவரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடிப்போய்ச் செத்த கதையை எடுத்துவிட்டாள். அவள் வாயில் புளியைக் கரைத்து ஊற்றலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவள் வசனத்தைத் தப்பாகச் சொன்னாள், அவ்வளவுதான். நான் அதைச் சீட்டாட்டக்காரி மாதிரிக் கையில் ஒளித்துவைத்திருந்தேன்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னால் ஐயர் மதினியைப் பார்க்க வந்தார். அண்ணன்தான் கெஞ்சிக் கூட்டிவந்தான். என்னையும் வரச் சொல்லியிருந்தான். ஐயர் எங்கள் சபைக்கு வந்தவர்களிலேயே நிதானமானவர். எடுத்த எடுப்பிலேயே சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. டாக்டருக்குக் கை கொடுத்ததும் ஆண்டவர்தான். போறதுல ஒரு பாவமும் இல்லே."

மதினி பணிவாகத்தான் பதில் சொன்னாள்.

"ஐயரே, நீங்க பிரசங்கத்துல என்ன சொன்னாலும் நான் கேட்டு நடந்திருக்கேனா இல்லையா? பூ வைக்காதேன்னீக, வைக்கல. பொய் சொல்லாதேன்னீக, கம்பெனியில பேச்சு வாங்குனாலும் சொல்லல. அதெல்லாம் எந்தப் புஸ்தகத்துல இருக்கோ அதே புஸ்தகத்துலதான இதுவும் இருக்கு? மனுசர் யாராச்சும் எடுத்துக் குடுத்திருந்தா நான் யோசிச்சிருப்பேன். துணிக்குள்ள கைய விட்டு நானே எடுத்தேன்."

 முடிவு ஆண்டவருடையது என்று வருஷா வருஷம் சொன்னவர் ஐயர்தானே. அவர் என் பக்கம் திரும்பினார். அண்ணனும் திரும்பினான்.

"நீ சொன்னாக் கேப்பா, பாப்பா. சொல்லேன்."

அந்த அறையில் மதினியை மதுரைக்கு அனுப்பக்கூடிய ஒரே ஆள் நான். மனுசர் யாராவது எடுத்துக் கொடுத்திருந்தால் யோசித்திருப்பேன் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். கதவைத் திறந்து வைத்தது போலச் சொன்னாள். நான் உள்ளே நுழையவில்லை. "ஐயர் சொல்றதக் கேளுங்க மதினி" என்றேன். அது யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வார்த்தை.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஐயர் முன்னால் அவமானம். தட்டைப் பிடுங்கிவிடுவார்கள். நான் ஓர் அட்டையைத் தள்ளினேன் என்று தெரிந்தால் இத்தனை வருஷமாக ஊரில் எடுத்த அத்தனை அட்டையும் சந்தேகமாகிவிடும், எத்தனை வீட்டுச் சுவரில் அது தொங்குகிறது என்று சபைமேல் அக்கறை உள்ளவள் மாதிரியும் நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் போனதும் அதைவிடப் பெரிய ஒரு பொய்யைக் கண்டுபிடித்தேன். வேதத்தில் கழுதையின் வாயால் பேசினவர் என் பெருவிரலால் பேசமாட்டாரா? நான் தள்ளினாலும் தள்ளவைத்தது அவர்தானோ? மதினி குணமாகிவிட்டால் அப்படித்தான் ஆகும். அதற்காகவே அவள் குணமாக வேண்டும் என்று ராப்பகலாக ஜெபித்தேன். அந்த ஜெபத்தில் மதினியைவிட நான் அதிகமாக இருந்தேன்.

ஆபரேஷன் நாள் போனது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் மதினி நன்றாகத்தான் இருந்தாள். கட்டி குறைந்த மாதிரி இருக்கிறது என்றாள். ஆடியில் இளைக்க ஆரம்பித்தாள். ஆவணியில் கை வீங்கி டப்பா ஒட்ட முடியாமல் போனது. அண்ணன் இனி யாரையும் கேட்பதாக இல்லை என்று காரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான். நானும் போனேன். அதே டாக்டரம்மா. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அண்ணனைத்தான் திட்டினார்.

"ஜனவரில வரச் சொன்னேனே? படிக்காதவங்கன்னா இப்படியா? யார் உங்களுக்கு வேண்டாம்னு சொன்னது?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் நான் நின்றேன்.

இனி ஆபரேஷனுக்கு வழியில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கடைசி இரண்டு மாதம் நான் ஆபீசுக்கு லீவு போட்டு மதினியோடு இருந்தேன். மலம் ஜலம் எல்லாம் நான்தான் எடுத்தேன். அவளுக்கு முகம் துடைத்து, கஞ்சி ஊட்டி, வேதம் வாசித்துக் காட்டினேன். பார்க்க வந்தவர்கள், நாத்தனார் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மதினி ஆண்டவர்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வேறொன்று செய்தாள்.

"அவரு வாக்கு மாறமாட்டாரு தாயி. அப்ப தப்பு என்கிட்டத்தான் இருக்கு. எதுலயோ நான் கீழ்ப்படியாம இருந்திருக்கேன். அது குறுக்க நிக்குது."

படுத்த படுக்கையில் தன் பாவத்தைத் தேட ஆரம்பித்தாள். அச்சங்குளத்து அக்காவை வரவழைத்து, சின்ன வயதில் ஒளித்துவைத்த ஒரு கம்மலைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். கம்பெனி மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினாள். இருபது வருஷத்துக்கு முன்னால் தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு எடுத்தது பொய் என்று அவரிடம் சொன்னாள். அந்த மனுஷர் வாசலுக்கு வந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டுக்காரி, பால்காரர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒவ்வொருவர் போன பிறகும் என்னிடம் கட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். "கொறஞ்சிருக்கா?" என்று கேட்பாள்.

எல்லாரும் முடிந்து ஒரு மத்தியானம் என் முறை வந்தது.

"உங்க அம்மா செத்தன்னைக்கு நீ அழுதேல்ல. இவ நடிக்கான்னு மனசுல நெனச்சேன். வாய்விட்டு யார்கிட்டயும் சொல்லல. நெனச்சது நெனச்சதுதான? என்னைய மன்னிச்சிரு தாயி."

அவள் விரல்கள் என் கையைப் பிடித்திருந்தன. என் பெருவிரல் அவள் உள்ளங்கைக்குள் இருந்தது. இப்போது சொன்னாலும் அவளால் ஆபரேஷனுக்குப் போக முடியாது, உண்மைதான். ஆனால் அவள் தேடிக்கொண்டிருந்தது அவளிடம் இல்லை என்றாவது தெரிந்திருக்கும். நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாள். அதுவும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தே, "மன்னிச்சிட்டேன் மதினி" என்று சொன்னேன்.

அவளை நான் மன்னித்தேன். இதை எழுதும்போதுகூட என் வாயை உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"அப்ப இதுவும் இல்லே" என்று முணுமுணுத்துவிட்டு மதினி மறுபடியும் யோசனையில் ஆழ்ந்தாள். தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் போய்விட்டாள். கடைசிவரை தேடிக்கொண்டேதான் போனாள்.

அந்த வருஷமும் அட்டை சீசன் வந்தது. அட்டைகளைக் கட்டினேன். ஐயரோடு சேர்ந்து கண்ணை மூடிக் கலைத்துப்போட்டேன். துக்க வீட்டு ஆள், இந்த வருஷம் வேறு யாராவது பிடிக்கட்டும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்களோ என்று பயந்து தட்டை வாங்கினேன்.

வருஷப் பிறப்புக் காலையில் அண்ணன் வரிசையில் வந்தான். அவன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மதினி துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். தட்டுக்கு முன்னால் வந்து நின்றான். கையை நீட்டவில்லை.

"நான் எடுக்கல பாப்பா. எனக்குப் பயமா இருக்கு." குரல் இறங்கியிருந்தது. "அவ தப்பு பண்ணிருக்க மாட்டா. எனக்குத் தெரியும். அப்ப நான்தான் எதுவும் பண்ணிருக்கணும். என்னாலதான் அவளுக்குப் பலிக்காமப் போச்சு. இத்தன நாளா யோசிக்கேன், எதுன்னு பிடிபடல. நீயே ஒண்ணு எடுத்துக் குடு. உன் கையிலருந்து வந்தா வாங்கிக்கிறேன்."

மதினி தேடி முடிக்காததை இவன் தேட ஆரம்பித்திருந்தான். இவனும் இதே மாதிரி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பான். என்னிடமும் வருவான்.

"அண்ணே, அவுகளுக்கு அந்த அட்டை வரலண்ணே" என்றேன். "நான் வச்சேன். பெருவெரலுக்கு அடியில வச்சிருந்து நான்தான் தள்ளுனேன்."

பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டிருக்கும். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணக்குப் புரியாத பிள்ளை பலகையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தான்.

"அவகிட்டச் சொன்னியா?"

"இல்லண்ணே."

"ஐயரு வந்தன்னைக்கு?"

"சொல்லல."

அண்ணன் திரும்பி நடந்தான். நடைபாதை வழியாக, பெஞ்சுகளுக்கு நடுவில், வாசலைத் தாண்டிப் போனான். நான் பக்கத்தில் நின்ற ஐயரின் மனைவி கையில் தட்டைக் கொடுத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் பின்னால் போனேன். காணிக்கையை வைத்துவிட்டு மதினி நடந்த அதே வாசல். அவளுக்குப் போய்ச் சேர ஓர் ஊர் இருந்தது, அங்கே உயிரோடு ஓர் அக்கா இருந்தாள்.

அண்ணன் கல்லறைத் தோட்டத்துக்குள் போனான். ஆலயத்துக்குப் பின்னால் கூப்பிடு தூரம்தான். மதினியின் குழி இன்னும் சிமெண்ட் பூசாமல் மேடாகவே இருந்தது. கிறிஸ்மஸுக்கு யாரோ வைத்த செவ்வந்தி மாலை காய்ந்து கிடந்தது. அண்ணன் அந்த மாலையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத் தலைமாட்டில் நின்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"இப்பச் சொல்லு. என்கிட்டச் சொன்னது போதாது. அவகிட்டச் சொல்லு."

நான் முழங்கால் போட்டேன். மதினி என்று கூப்பிட்டேன். அந்த அட்டை அவரு குடுத்தது இல்லே மதினி, நான் வச்சது, நீங்க ஒரு தப்பும் பண்ணல, ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று சொன்னேன். ஜனவரியில் சொல்ல வேண்டியதை அப்படியே சொன்னேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அண்ணன் இன்னும் ஏதோ வரும் என்பது போலக் காத்திருந்தான். ஆலயத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அப்புறம் கேட்டான்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாண்ணே" என்றேன்.